ஒற்றைக்கண் விமானி வைலி போஸ்ட்

ஆகாய விமானம் ஓட்டுவோனுக்கு வேண்டிய தகுதிகள் யாவை என்று கேட்டால், கூர்மையான பார்வை, திடமான தேகம், கலங்காத நெஞ்சம் என்று எவரும் உடனே விடை கூறிவிடுவர். வைத்தியர் ஒருவர் கண்ணையும் காதையும் இருதயத்தையும் பரிசோதித்து அத்தாட்சி எழுதிக் கொடுத்துவிட்டால், சர்க்காரும் கம்பெனியாரும் பிரயாணிகளும் கவலை நீங்கிவிடுகின்றனர். ஆனால் அந்த அத்தாட்சி வருஷத்திற்கு ஒரு முறையோ இரு முறையோ எழுதப்படுவது. தகுதியோ நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறுவது. நேற்றிரவு உறங்காதவனுடைய கண் வைத்தியரின் ஏட்டில் பழுதற்ற கண்ணாகவே இருக்கும். ஆயினும் இன்று அதிகாலையில் அக்கண் முன்னிருக்கும் கருவியைப் பார்த்தும் பாராததாகிவிடக்கூடும்.

இவ்வுண்மையை நன்கு விளக்கிக் காட்டுவது அமெரிக்க விமானி வைலி போஸ்டின் சரித்திரம். அவர் ஒரு கண்ணை இழந்தவர். சாதாரண விதிப்படி விமானத்தின் அருகிலும் வரத்தகாதவர். அத்தகையவர் பூமியை இரு முறை வலம் வந்தார். இரண்டாம் முறை தன்னந்தனியாகவே வந்தார். விமானியின் உறக்கத்தையும் அயர்வையும் ஒரு சாஸ்திர விஷயமாகக் கருதித் தம் தேகத்திலேயே பரீட்சை செய்து பார்த்தவர்களுள் அவர் முன்னோடி. அவருடைய வெற்றியும் அவருடைய மரணமும் இன்று நம் நாட்டில் விமானமேறும் ஒவ்வொருவருக்கும் சம்பந்தமுள்ளவை. ஆதலின் அவர் வரலாற்றை இங்கே சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

வைலி போஸ்ட் 1898-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி டெக்ஸாஸ் மாகாணத்தில் கிராண்ட் ஸலைன் என்னும் ஊரின் அருகே ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் பின்னர் ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிக்கூடத்தில் அவர் மனம் செல்லவில்லை. சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டார். யந்திரங்களைக் கழற்றுவதிலும் பூட்டுவதிலும்தான் அவருக்கு இயல்பான ஊக்கம் இருந்தது. 1913-ம் வருஷம் லாட்டன் நகரில் நடந்த ஒரு பொருட்காட்சியில் முதன்முதலாக ஆகாய விமானத்தைக் கண்டார். அன்றே அவருடைய வாழ்வின் திசை நிச்சயமாயிற்று. கான்ஸாஸ் நகரத்திலிருந்த மோட்டார்த் தொழிற்பள்ளியில் சேர்ந்து யந்திர வேலை கற்றார். முதல் உலக யுத்தத்தின் போது ராணுவப் பயிற்சியில் சேர்ந்து ரேடியோ வேலை பழகினார். ஆனால் போர்முனைக்குச் செல்வதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது.

புகழ் பெற்றோரின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்களுடைய வழுக்களை மறைத்துவிடுவது வழக்கம். போஸ்டின் விஷயத்தில் அவ்விதம் மறைப்பது அவருடைய பெருமையையே குறைப்பதாகும். யுத்தத்திற்குப் பின் எண்ணெய்க் கிணறுகளில் கூலி வேலை செய்துவந்தவர், தொழில் மந்தமான காலத்தில் வழிப்பறியில் இறங்கினார். 1921-ம் வருஷம் பிடிபட்டுப் பத்து வருஷத் தண்டனை பெற்றார். ஓராண்டுக்குச் சற்று அதிகமாகச் சிறையிலிருந்த பின்னர், 1922-ல் நன்னடத்தை நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டார். நிபந்தனையோடு நம்பப்படுவது என்னும் அனுபவம் அவருக்கு அப்போதுதான் முதன்முதலில் கிடைத்தது. மறுபடியும் அது ஒரு முறை அவருக்குக் கிடைக்கவிருந்தது. இரண்டு முறையும் அவர் அந்த நம்பிக்கைக்குப் பாத்திரராகவே நடந்துகொண்டார்.

1924-ல் ஊர் ஊராகச் சென்று விமான விளையாட்டுக் காட்டும் ஒரு கோஷ்டியில் அவர் சேர்ந்தார். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதிப்பது அவருடைய வேலை. இடையிடையே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். சொந்தமாக ஒரு விமானம் வாங்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. அதற்குப் பணம் சேர்க்கும் பொருட்டு மீண்டும் எண்ணெய்க் கிணற்று வேலைக்குச் சென்றார்.

ஒரு கண் போயிற்று

1926-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஸெமினோல் நகருக்கருகில் ஓர் எண்ணெய்க் கிணற்றில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே இரும்பில் அடித்த அடியில் ஒரு சிதறல் தெறித்து அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. கண்ணை எடுத்துவிட நேர்ந்தது. தொழிலாளர் நஷ்டஈடாக ஆயிரத்தெழுநூறு, எண்ணூறு டாலர் அளவில் ஒரு தொகை அவருக்குக் கிடைத்தது. மற்றொருவராயின் விமான ஆசையை அன்றோடு விட்டிருப்பார். போஸ்டோ கண்ணுக்கு ஈடாக வந்த பணத்தைக் கொண்டே பழைய விமானம் ஒன்றை வாங்கினார்.

இரண்டு கண்களும் உடையவர் ஒரு பொருளின் தூரத்தை யோசனையின்றியே அறிந்துகொள்கிறார். இரு கண்களும் சற்று வெவ்வேறான தோற்றத்தை மூளைக்குக் காட்டுவதே அதற்குக் காரணம். ஒரு கண்ணை இழந்தவருக்கு அந்த உதவி இல்லை. விமானம் தரையை நெருங்கும்போது சில அடிகள் பிசகினாலும் சக்கரம் முறியும், அல்லது உயிர் போகும். போஸ்ட் தம் குறையை நன்கு உணர்ந்தவர். காயம் ஆறிவந்த நாட்களில் தூரத்திலுள்ள மரத்தையும் குன்றையும் நோக்கி, அது இத்தனை அடி என்று மனத்தில் குறித்துக்கொள்வார். பிறகு நடந்துசென்று காலடியால் அளந்து சரிபார்ப்பார். பொருளின் உருவம் சிறுத்தும் பெருத்தும் தோன்றுவதைக் கொண்டும், தலையை அசைக்கும்போது அது இடம் பெயர்வதைக் கொண்டும் தூரத்தைக் கணிக்கப் பழகினார். நாளடைவில் இரு கண்ணுடையவரினும் திருத்தமாக அவர் விமானத்தை இறக்குவதாகப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில்தான் அமெரிக்காவில் 1926-ம் வருஷத்து ஆகாய வாணிபச் சட்டம் அமுலுக்கு வந்தது. விமானிகள் லைசென்ஸ் பெறவேண்டும். வைத்தியப் பரிசோதனைக்கும் உட்படவேண்டும். ஒற்றைக்கண்ணருக்கு எப்படி லைசென்ஸ் கொடுப்பது? அதிகாரிகள் அவரை உடனே தள்ளிவிடவில்லை. இரக்கப்பட்டு உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 700 மணி நேரம் பரீட்சார்த்தமாக விமானம் ஓட்டிக் காட்டும்படி நிபந்தனை விதித்தனர். அவர் அதை நிறைவேற்றி, 1928-ம் வருஷம் லைசென்ஸ் பெற்றார்.

சட்டத்தொழிலில் பழகிய நமக்கு இந்நிகழ்ச்சி மிகவும் சிறந்ததாகத் தோன்றுகிறது. விதிக்கு விலக்கு அளிப்பதாயின் அதற்கு நியாயமான வழி இதுவே. விதியின் நோக்கம் பிரயாணிகளின் க்ஷேமம். அந்த நோக்கத்தை வேறு வழியால் நிறைவேற்ற முடியும் என்று ஒருவர் செய்து காட்டினால், விதியின் எழுத்தை அவருக்காகத் தளர்த்தலாம். நிரூபிக்கும் பாரம் விலக்குக் கேட்பவருடையது. அந்தப் பாரத்தை அவர் தம் உழைப்பினால் சுமக்கவேண்டும். அறியாத பிரயாணியின் தலையில் ஏற்றலாகாது.

எட்டு நாளில் உலகம்

எண்ணெய்க் கிணற்று முதலாளியான எப். ஸி. ஹால் என்பவர் போஸ்டைத் தம்முடைய சொந்த விமானியாக அமர்த்திக்கொண்டார். அவர் வாங்கிய லாக்ஹீட் வீகா விமானத்திற்குத் தம் மகளின் பெயரால் வின்னி மே என்று பெயரிட்டார். 1930-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிக்காகோவுக்கு நடந்த பந்தயத்தில் போஸ்ட் அவ்விமானத்தை ஓட்டி முதற்பரிசு பெற்றார். அதன்பின் அவர் மனம் உலகப் பிரதக்ஷிணத்தில் சென்றது. 1929-ம் வருஷம் ஜெர்மானியரின் கிராப் ஸெப்பலின் என்ற ஆகாயக் கப்பல் 21 நாட்களில் உலகைச் சுற்றியிருந்தது. சாதாரண விமானத்தில் அதனினும் விரைவாகச் சுற்றிவரலாம் என்று அவர் கருதினார்.

திசையறியும் வித்தையில் நிபுணரான டாஸ்மேனியா தீவினர் ஹரால்ட் காட்டி என்பவரைத் துணைக் கொண்டார். விமானத்தைத் தயார் செய்ததோடு நில்லாமல் தம்மையும் தயார் செய்துகொண்டதே போஸ்டின் விசேஷம். கிழக்கு நோக்கி விரைவாகச் செல்பவனுக்கு நாட்கள் குறுகுகின்றன. அவன் தேகம் நியூயார்க்கின் நள்ளிரவில் இருக்கும்போது கண்ணெதிரே மாஸ்கோவின் காலை விடிந்துவிடும். பசியும் தூக்கமும் பழைய கடிகாரத்தைப் பின்பற்றும். வேலையோ புதிய கடிகாரத்தைப் பின்பற்றவேண்டும். இக்காலத்துப் பிரயாணிகள் அனைவரும் அறிந்த இத்தொல்லையை அன்று ஆராய்ந்தோர் மிகச் சிலரே. போஸ்ட் பல மாதங்களாக ஒரு நாள் உறங்கிய வேளையில் மறுநாள் உறங்காமல், உறக்கத்திற்கு ஒரு நியதியே இல்லாதபடி தம்மைப் பழக்கினார். உணவையும் குறைத்துக்கொண்டார்.

1931-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி இருவரும் நியூயார்க்கை அடுத்த ரூஸ்வெல்ட் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டனர். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கி, ஜெர்மனியில் ஹானோவர் நகரை அடைந்தனர். அங்கே நடந்த ஒரு சிறு சம்பவம் நம் விஷயத்திற்கு மிக முக்கியமானது. இறங்கிய விமானம் மறுபடியும் கிளம்பி ஆகாயத்தில் ஏறிய பின்னர்தான் பெட்ரோலைக் கவனிக்கவில்லை என்பது தெரியவந்தது. திரும்பி வந்து இறங்கி நிரப்பிக்கொண்டு போனார்கள். விமானத்தின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவர் ஒருவர், உலகின் தேர்ந்த வழிகாட்டிகளுள் ஒருவர் மற்றவர். இருவரும் சேர்ந்து பள்ளிச் சிறுவனும் மறவாததை மறந்தனர். அறியாமையால் நேர்ந்ததன்று இது. திறமைக் குறைவாலும் அன்று. இரவு முழுவதும் விழித்துச் சமுத்திரத்தைத் தாண்டி வந்த மூளை செய்த பிழை. அயர்வின் இயல்பு இதுவே. அரியதைச் செய்யும் ஆற்றலை அது சில வேளை விட்டுவைக்கும். எளியதை நினைவிற்கொள்ளும் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும்.

மாஸ்கோ, நோவோஸிபிர்ஸ்க், இர்க்குட்ஸ்க், காபரோவ்ஸ்க் முதலிய இடங்களில் தங்கி அலாஸ்காவை அடைந்தபோது, ஸாலமன் என்னுமிடத்துக் கடற்கரை மணலில் விமானம் முன்புறம் சாய்ந்து, சுழல் விசிறியின் முனைகள் வளைந்தன. போஸ்ட் சுத்தியலையும் கல்லையும் கொண்டு அவற்றை நிமிர்த்தினார். மீண்டும் எஞ்சினைக் கிளப்புகையில் விசிறியின் அலகு காட்டியின் மேல் பட்டு அவர் காயமுற்றார். எட்மண்டனில் விமான நிலையம் மழையால் சேறாகிவிட்டபடியால், நகரத்தின் நேரான வீதி ஒன்றிலிருந்தே கிளம்பினார்கள். ஜூலை 1-ந் தேதி நியூயார்க் வந்து சேர்ந்தனர். 15,474 மைல் தூரத்தை 8 நாள், 15 மணி, 51 நிமிஷத்தில் முடித்திருந்தனர்.

தன்னந்தனியே

அக்காலத்தில் சிலர், மூளை காட்டியினுடையது, போஸ்ட் வெறும் ஓட்டுநரே என்று பேசினர். இப்பேச்சு அவர் மனத்தைச் சுட்டது. தனியாகவே உலகைச் சுற்றுவதென்று தீர்மானித்தார். துணைவனின் இடத்தில் இரண்டு கருவிகளை வைத்தார். ஒன்று, விமானத்தைத் தானாகவே நேரே செலுத்தும் ஸ்பெர்ரி யந்திரம். மற்றொன்று, ரேடியோ நிலையங்களின் ஒலியைக் கொண்டு திசையறியும் கருவி. யந்திரம் விமானத்தைப் பார்த்துக்கொள்ளும்போது சற்றுக் கண்ணயர்வதற்கும் ஓர் உபாயம் செய்தார். விரலில் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையில் ஒரு திருகு சாவியைக் கட்டிக் கையில் பிடித்திருப்பாராம். ஆழ்ந்து உறங்கினால் கை தளர்ந்து சாவி விழும்; விரல் சுண்டி இழுக்கப்பட்டு விழித்துக்கொள்வார்.

1933-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி புறப்பட்டு, நியூயார்க்கிலிருந்து எங்கும் இறங்காமல் பெர்லினை அடைந்தார். அவ்விதம் செய்தவர் அவரே முதல்வர். அதற்குப் பின் தொல்லைகள் தொடர்ந்தன. தானியங்கிக் கருவி பழுதாகி மாஸ்கோவிலும் இர்க்குட்ஸ்கிலும் அதைச் செப்பனிட நேர்ந்தது. நாட்கள் செல்லச் செல்ல உறக்கக் கடன் ஏறிற்று. அலாஸ்காவில் மேகங்களுக்கிடையே வழி தவறிப் பல மணி நேரம் அலைந்தார். முடிவில் பிளாட் என்னும் சுரங்கக் கிராமத்துச் சிறிய மைதானத்தில் இறங்கினார். மைதானத்தின் கோடியிலிருந்த பள்ளத்தில் விமானம் சிக்கி, சக்கரத் தாங்கி ஒடிந்து, விசிறியும் வளைந்தது. அலாஸ்கா விமானியான ஜோ கிராஸன் முதலிய நண்பர்கள் புதிய விசிறி கொண்டுவந்து பொருத்தினர். அந்த வேளையில் போஸ்ட் சில மணி நேரம் உறங்கினார். பிறகு கிளம்பி ஜூலை 22-ந் தேதி நியூயார்க் சேர்ந்தார். மொத்தம் 7 நாள், 18 மணி, 49 நிமிஷம். 50,000 ஜனங்கள் கூடி அவரை வரவேற்றனர். தனியொருவராக விமானத்தில் உலகை வலம் வந்தவர் அவரே முதல்வர்.

இச்சாகஸத்தை எவரும் போற்றாமலிருக்க முடியாது. ஆயினும் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், மன உறுதியிருந்தால் உறக்கத்தை வென்றுவிடலாம் என்பதன்று. பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் போஸ்ட் உறக்கத்தை வெல்லவில்லை; சிறிது காலம் கடன் வாங்கினார். அந்தக் கடன் அலாஸ்காவில் வட்டியோடு வசூலிக்கப்பட்டது. விமானத்தில் தாம் ஒருவரேயிருந்தபடியால் அவருடைய உயிர் மட்டுமே பணயமாக வைக்கப்பட்டிருந்தது. பின்னே 180 பேரை உட்காரவைத்துக்கொண்டு அதே கடனை வாங்க எந்த விமானிக்கும் உரிமை கிடையாது. வாங்கும்படி செய்ய எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

உயரத்தின் ரகசியம்

அடுத்த வருஷம் அவர் இன்னொரு விதத்தில் மனித தேகத்தின் எல்லையை ஆராய்ந்தார். ஆகாயத்தில் மிக உயரச் சென்றால் காற்று அடர்த்தி குறையும். விமானம் விரைவாகச் செல்லும். ஆனால் அங்கே பிராணவாயுவும் அழுத்தமும் குறைவதால் மூளை மயங்கும். அம்மயக்கத்தின் கொடுமை என்னவென்றால், மயங்குகிறோம் என்பது மயங்குகிறவனுக்குத் தெரியாது. வழக்கத்தினும் அதிகத் தெளிவோடிருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். வின்னி மே மரப்பலகையால் ஆன விமானம். அதன் உள்ளறை முழுவதிலும் காற்றை அடைத்து அழுத்தத்தைக் காப்பது இயலாத காரியம். ஆகையால் அறைக்குப் பதிலாக ஆளைச் சுற்றியே காற்றை அடைத்துவிடலாம் என்று போஸ்ட் யோசித்தார். குட்ரிச் ரப்பர் கம்பெனியாரைக் கொண்டு ஓர் உடை தயாரித்தார். முதல் உடை காற்றைத் தாங்கவில்லை. இரண்டாவது உடையில் அவர் அகப்பட்டுக்கொண்டு, அதை வெட்டியெடுத்தே அவரை வெளியே கொண்டுவர நேர்ந்தது. ரஸ்ஸல் காலி என்ற எஞ்சினியர் வகுத்த மூன்றாவது உடை பயன்பட்டது. விமானி உட்கார்ந்திருக்கும் நிலைக்கு ஏற்றபடி அமைத்த ரப்பர் உடையும், கண்ணாடிச் சாளரம் வைத்த உலோகத் தலைக்கவசமும் சேர்ந்தது அது.

1934-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அவ்வுடையணிந்து சிக்காகோவுக்கு மேல் 40,000 அடி உயரம் ஏறினார். 1935-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி கலிபோர்னியாவிலிருந்து கிளீவ்லண்டுக்கு 2,035 மைலை 7 மணி 19 நிமிஷத்தில் கடந்தார். சராசரி மணிக்கு 279 மைல் வேகம். அந்த விமானத்தின் இயல்பான வேகத்தைவிட இது சுமார் 100 மைல் அதிகம். உயரே வீசும் பெருங்காற்றோட்டமே அதற்குக் காரணம். இன்று பெரிய விமானங்களெல்லாம் தேடிச் செல்லும் காற்றோட்டம் அது. விண்வெளி வீரர் அணியும் உடைக்கும் போஸ்டின் ரப்பர் உடையே மூதாதை என்று கூறவேண்டும்.

கடைசிப் பிரயாணம்

பூமியைச் சுற்றியும், உயரே ஏறியும் பார்த்த இவ்வீரருக்கு மரணம் ஓர் ஆழமற்ற நீர்த்தேக்கத்தில் காத்திருந்தது. 1935-ல் அவர் லாக்ஹீட் கம்பெனியின் இரண்டு வேறு மாதிரி விமானங்களின் பாகங்களை இணைத்து ஒரு விமானம் தயாரித்தார். ஓரியன் மாதிரியின் உடலும் எக்ஸ்ப்ளோரர் மாதிரியின் இறக்கையும் சேர்ந்தது அது. இவ்விணைப்பை லாக்ஹீட் எஞ்சினியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே வேறிடத்தில் வேலை முடிக்கப்பட்டது. அலாஸ்காவின் ஏரிகளில் இறங்குவதற்காகச் சக்கரங்களை நீக்கி மிதவைகள் பொருத்தவேண்டியிருந்தது. உத்தரவு செய்திருந்த மிதவைகள் காலத்தில் வராதபடியால், கிடைத்த பெரிய மிதவைகளைப் பொருத்திக்கொண்டார். விமானத்தின் பாரம் முன்புறம் மிகுந்து மூக்கு கனத்துவிட்டது. எஞ்சின் வேகமாகச் சுழன்று வால்புறத்தின் மேல் காற்றைத் தள்ளும்வரையில் மூக்கு நிமிர்ந்திருக்கும். எஞ்சின் நின்றால் உடனே கவிழ்ந்துவிடும். போஸ்டைப் போன்ற நிபுணர் இதை அறியாமலிருக்க முடியாது.

அவருடன் சென்றவர் வில் ரோஜர்ஸ். பத்திரிகையிலும் ரேடியோவிலும் சினிமாவிலும் அமெரிக்க மக்களை நகைக்கவைத்த பேரறிஞர். போஸ்டின் நெருங்கிய நண்பர். ஆகஸ்டு 15-ந் தேதி பேர்பாங்க்ஸிலிருந்து வடகோடியிலுள்ள பாரோ முனைக்குச் செல்லும் வழியில் மூடுபனியில் அகப்பட்டனர். கீழே ஒரு நீர்த்தேக்கத்தைக் கண்டு இறங்கி, அங்கே கூடாரமடித்திருந்த ஆதிக்குடிகளிடம் வழி கேட்டனர். பாரோ சுமார் 15 மைல் தூரத்திலிருந்தது. மறுபடியும் விமானம் நீரைவிட்டு எழும்பிச் சில நொடிகளில் எஞ்சின் நின்றது. மூக்கு கவிழ்ந்தது, நிமிர்த்துவதற்கு வேண்டிய உயரம் இல்லை. இருவரும் அக்கணமே மாண்டனர். அவ்விடத்திலிருந்த வேட்டைக்காரர் ஒருவர் பாரோ வரையில் ஓடிச்சென்று செய்தி கூறினார். போஸ்டுக்கு வயது 36, ரோஜர்ஸுக்கு 55. அமெரிக்கா முழுவதும் துக்கம் கொண்டாடிற்று. பாரோவிலுள்ள விமான நிலையம் இன்றும் அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. வின்னி மே வாஷிங்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

எஞ்சின் நின்றதற்குக் காரணம் எதுவென்பது பற்றி அபிப்பிராய பேதங்கள் உண்டு. ஆனால் எஞ்சின் நின்றால் தப்ப முடியாத விமானத்தில் ஏறியது விதியின் செயலன்று. ஒற்றைக் கண் அவரைக் கொல்லவில்லை. அந்தக் குறையை அவர் ஒவ்வொரு நாளும் நினைத்து, அளந்து, ஈடு செய்துவந்தார். அவரைக் கொன்றது, பல அபாயங்களில் தப்பியதால் வளர்ந்த நம்பிக்கை. தெரிந்த குறை ஒன்றைச் சகித்துக்கொண்டு ஒரு முறை பத்திரமாக இறங்கிவிட்டால், மறுமுறை அது குறையாகத் தோன்றுவதில்லை. பத்து முறை தப்பியது பதினோராம் முறைக்கு அத்தாட்சியன்று.

நமக்கு உரிய பாடம்

போஸ்ட் மறைந்து 90 வருஷங்கள் கழிந்தன. விமானத்தில் கருவிகள் பெருகிவிட்டன. மனித மூளை மாறவில்லை. 2010-ம் வருஷம் மே 22-ந் தேதி அதிகாலை துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருந்தார் என்றும், உறக்கத்திலிருந்து எழுந்த மந்தம் நீங்குமுன் விமானத்தை இறக்க முற்பட்டார் என்றும் விசாரணையில் வெளியாயிற்று. இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறும்படி துணை விமானி மூன்று முறை கூறியும், எச்சரிக்கைக் கருவி பன்முறை ஒலித்தும், அவர் மனத்தில் ஏறவில்லை. தலைவர் மிகுந்த அனுபவசாலி. வைத்தியரின் அத்தாட்சியும் பெற்றவரே.

நம் நாட்டில் விமானி புறப்படுவதற்கு முன் 12 மணி நேரத்திற்குள் மது அருந்தியிருக்கலாகாது; அவருடைய மூச்சைக் கருவியால் சோதிக்கிறார்கள். இது மிகவும் நன்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய செயல், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவனுடைய செயலுக்குச் சமமாகத் தடுமாறுகிறதென்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆனால் தூக்கமின்மையை மூச்சில் கண்டுபிடிக்கக் கருவியில்லை. அதற்கு உள்ள ஒரே காவல் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் வரையறுக்கும் விதியே. அண்மையில் இவ்விதிகள் இந்தியாவில் திருத்தப்பட்டு, வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. இரவு வேலையும் குறைக்கப்பட்டது. 2025 டிசம்பரில், இவ்விதிகளுக்குத் தக்கபடி விமானிகளை ஆயத்தம் செய்துகொள்ளாத ஒரு பெரிய கம்பெனி நாள்தோறும் நூற்றுக்கணக்கான விமானங்களை நிறுத்திற்று. அதன்பின் அவ்விதிகளில் சிலவற்றிற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது.

நிலையங்களில் தவித்த பிரயாணிகளின் கஷ்டத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் போஸ்டுக்குக் கிடைத்த விலக்கையும் இவ்விலக்கையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவர் 700 மணி நேரம் உழைத்துத் தம் தகுதியை நிரூபித்த பின்னர் விலக்குப் பெற்றார். இங்கே நிரூபிக்கப்பட்டதென்ன? கம்பெனியின் ஆயத்தக் குறைவு ஒன்றுதான். நிர்வாகம் செய்யத் தவறியதற்கு விமானியின் உறக்கம் ஈடாகக் கொடுக்கப்படுமாயின், ஓய்வு விதி ஏட்டில் மட்டுமே இருக்கும். தவிர, களைத்திருக்கிறேன், இன்று ஓட்ட இயலாது என்று கூறும் விமானியைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கமும் ஒழியவேண்டும். அவ்வார்த்தையைச் சொல்வதற்கு உலகைச் சுற்றிவருவதற்கு வேண்டிய தைரியத்தில் சிறிதும் குறையாத தைரியம் வேண்டும். அதைச் சொல்பவனுக்குச் சம்பளக் குறைவோ, உத்தியோகத் தொல்லையோ நேராதபடி சட்டம் காக்கவேண்டும்.

விமானத் தொழிலில் புகும் நம் இளைஞர் வைலி போஸ்டின் படத்தைத் தம் அறையில் மாட்டிக்கொள்ளட்டும். ஏழ்மையிலும் சிறையிலும் அங்கக் குறைவிலும் தளராமல் உயர்ந்த அவருடைய ஊக்கம் அவர்களுக்கு உண்டாகட்டும். தம் குறையைத் தாமே அளந்து பார்த்த அவருடைய பழக்கமும் உண்டாகட்டும். அந்த அளவுகோலை அவர் கீழே வைத்தது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையில் இரண்டு அரிய உயிர்கள் போயின என்பதையும் அவர்கள் மறவாதிருப்பார்களாக.